"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று தளத்தில் எழுதலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். சின்னாளபட்டியிலிருந்து சுங்குடிச் சேலைகளும், அம்மா அரைக்கும் இட்லிப் பொடி, பருப்புப் பொடி வகைகளும் விற்க ஒரு சின்னத் தளம் தொடங்கியிருக்கிறீர்கள். ரீஃபண்ட், ஷிப்பிங், பிரைவசி, டெர்ம்ஸ் பக்கங்கள் இருந்தால்தான் கணக்கை ஆக்டிவேட் செய்வோம் என்று பேமெண்ட் கேட்வேக்காரர்கள், அதாவது தளத்தில் கார்டு, யுபிஐ பணத்தை வாங்கித் தருகிறவர்கள், சொல்லிவிட்டார்கள். தோழி ஒருவர் தன் தளத்தின் பக்கங்களை அப்படியே அனுப்பி, கடைப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள் என்கிறார். அதைப் போடலாமா? "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் நாம் பத்திரமா?

இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பன்னிரண்டு வருடமாகச் சிறு கடைக்காரர்களுக்குத் தளம் அமைத்துக் கொடுக்கிறேன், புகார் கடிதமோ வக்கீல் நோட்டீஸோ வந்தால் அவர்களில் பலர் முதலில் அதை எனக்குத்தான் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். அதில் பாதி, யாரோ எழுதியதைக் காப்பியடித்து ஒட்டிய ஒரு வரியால் வந்த வினை.

ஒரு சேலைக் கடைத் தளத்தில் நானே பார்த்தது. ரீஃபண்ட் பக்கத்தில் "30 நாட்களுக்குள் எந்தக் கேள்வியும் கேட்காமல் பணம் திருப்பித் தரப்படும்" என்று இருந்தது. அதே தளத்தின் டெர்ம்ஸ் பக்கத்தில் கலிஃபோர்னியா மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரி. கடைக்காரர் இரண்டையுமே படித்ததில்லை. வேறெங்கோ இருந்த ஆங்கிலப் பக்கத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். 26-ஆம் நாள் ஒருவர், ஒரு விசேஷத்துக்குக் கட்டிவிட்டு, மடிப்பில் மஞ்சள் கறையோடு சேலையைத் திருப்பி அனுப்பிப் பணம் கேட்டார். கொடுக்க மனமில்லை. ஆனால் தளத்தில் கொடுப்போம் என்று எழுதியிருக்கிறதே! கடைசியில் கொடுத்தார். காப்பியடித்த வாக்குறுதியும் நம் வாக்குறுதிதான், வாங்கினவர் அதை நம்பித்தான் பணம் கட்டியிருக்கிறார்.

சரி, அப்படியானால் எதிர்ப்பக்கம் போய் "திரும்பப் பெற மாட்டோம்" என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். நியாயமற்ற வணிக நடைமுறை என்றால் என்ன என்று 2-ஆம் பிரிவின் 47-ஆம் உட்பிரிவு சொல்கிறது. குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால்? அப்போது 30 நாள் என்று சட்டமே வைத்துவிட்டது. இதை இரண்டு தடவை படியுங்கள். நீங்கள் தெளிவாக ஒரு காலக்கெடு எழுதாவிட்டால் உங்களுக்குச் சாதகமாக ஒன்றும் நடக்கப்போவதில்லை, 30 நாள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். காலக்கெடுவைத் தளத்தில் போட்டால் மட்டும் போதாது, பில்லிலும் அச்சடிக்க வேண்டும் என்று நான் ஒவ்வொருவரிடமும் நச்சரிப்பது இதனால்தான்.

அதோடு 2020-இல் வந்த மின்வணிக விதிகளும் இருக்கின்றன. பெரிய நிறுவனங்களுக்குத்தானே அது என்று நினைக்க வேண்டாம், சொந்தத் தளத்தில் சொந்தச் சரக்கைத் தொடர்ந்து வியாபாரமாக விற்கும் உங்களுக்கும் அது பொருந்தும். குறையுள்ள பொருள், தளத்தில் காட்டியதற்கு மாறான பொருள், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருள், இவற்றைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் மாதிரி நம் கையில் இல்லாத காரணத்தால் தாமதமானால் மட்டும் அந்தத் தேதி விஷயத்தில் விலக்கு. ஆக, "திரும்பப் பெற மாட்டோம்" என்ற வரி கிழிந்த சேலை விஷயத்தில் செல்லவே செல்லாது. பிடிக்கவில்லை, கலர் மனசுக்கு ஒத்துவரவில்லை என்று திருப்புவதை மட்டும்தான் நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம், எக்ஸ்சேஞ்ச் மட்டும் என்றும் வைக்கலாம். அது உங்கள் விருப்பம். இந்த இரண்டையும் பிரித்து எழுதாமல் ஒரே வரியில் அடைப்பதால்தான் அத்தனை சண்டையும் வருகிறது.

இன்னொரு வரி எல்லாத் தளத்திலும் இருக்கும்: "வழக்குகள் அனைத்தும் எங்கள் ஊர் நீதிமன்ற எல்லைக்கு மட்டுமே உட்பட்டவை." வியாபாரிக்கு வியாபாரி என்றால் அதற்கு அர்த்தம் உண்டு. வீட்டுக்கு வாங்குகிறவர் அப்படியில்லை, 2019 சட்டப்படி அவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. 1,200 ரூபாய்ச் சேலைக்காக நீங்கள் புவனேஸ்வரிலோ போபாலிலோ பதில் சொல்ல நேரலாம். அந்த வரியை நம்பித் தூங்க வேண்டாம்.

இனி டிஸ்கிளைமர். பொறுப்புத் துறப்பு என்று மொழிபெயர்க்கிறார்கள், அந்தப் பெயரே ஆளைத் தவறான பக்கம் கொண்டுபோகிறது. பொறுப்பைத் துறப்பதற்கு எழுதினால் அது பெரும்பாலும் நிற்காது. வாங்குகிறவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்வதற்கு எழுதினால் அது உங்களைக் காப்பாற்றும். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இது பற்றித் தனியாகவே இருக்கிறது: டிஸ்கிளைமர் ஒரு கூற்றை விளக்கலாம், ஆனால் அதற்கு முரணாக இருக்கக் கூடாது, முக்கியமான தகவலை மறைக்கக் கூடாது, பொய்யான கூற்றைச் சரிக்கட்டப் பயன்படக் கூடாது. கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். மேலே தமிழில் பெரிதாக "சாயம் போகாது" என்று போட்டுவிட்டுக் கீழே எறும்பு அளவு ஆங்கிலத்தில் நிபந்தனை எழுதுவதெல்லாம் இனி உதவாது.

உங்கள் சரக்கையே எடுத்துக்கொள்வோம். சுங்குடியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பதும் உண்டு, மெழுகு அச்சு வைத்துச் செய்வதும் உண்டு, ஸ்கிரீன் பிரிண்டும் உண்டு. மூன்றையும் சுங்குடி என்றுதான் கடைகளில் விற்கிறார்கள். கையால் முடிச்சிட்டதில் புள்ளி ஒன்று போல இன்னொன்று இருக்காது, முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகக் குவிந்து நிற்கும், தடவிப் பார்த்தாலே விரலில் தட்டும். தெரியாதவர் பார்சலைப் பிரித்ததும் "புள்ளி கோணல்மாணலாக இருக்கிறது, டேமேஜ்" என்று மெசேஜ் போடுவார். இதற்குத்தான் டிஸ்கிளைமர். எங்கே போட வேண்டும்? பாலிசிப் பக்கத்தின் அடியில் போட்டால் யார் பார்ப்பார்கள்? அந்தச் சேலையின் போட்டோவுக்கு நேர் கீழே, "கூடையில் சேர்" பட்டனுக்கு மேலே போடுங்கள். கூடவே அந்தக் குவிந்த புள்ளியை நெருக்கத்தில் எடுத்த போட்டோ ஒன்று. நூறு வரி எழுதுவதைவிட அந்த ஒரு போட்டோ மேல்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "இது கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த பருத்திச் சேலை. புள்ளிகளின் அளவும் இடைவெளியும் சற்றே மாறுபடும். முதல் மூன்று தடவை சாயம் கொஞ்சம் இறங்கும், தனியாகக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் இது, உங்கள் போனில் நிறம் ஓரளவு அடர்த்தியாகவோ வெளிறியோ தெரியலாம்." அவ்வளவுதான். ஆனால் அரக்கு என்று காட்டிவிட்டு ரோஸ் அனுப்பினால் இந்தக் கடைசி வரி கைகொடுக்காது, அது காட்டியதற்கு மாறான பொருள். மெழுகு அச்சுச் சேலையை "கைமுடிச்சு" என்று போட்டுவிட்டு எந்த டிஸ்கிளைமர் எழுதினாலும் அது பொய்தான். மதுரை சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது, அந்த முத்திரையை யார் வேண்டுமானாலும் தளத்தில் ஒட்டிக்கொள்ள முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். எந்தச் சேலை எந்த முறை என்று ஒவ்வொன்றுக்கும் நேராக எழுதிவிடுங்கள். பிரிண்ட் வாங்குகிறவரும் இருக்கிறார், விலை குறைவென்று சந்தோஷமாகவே வாங்குவார்.

நீளத்தையும் எழுதுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையா, பிளவுஸ் பிட்டோடு சேர்த்து ஆறேகால் மீட்டரா? போட்டோவில் மாடல் போட்டிருக்கும் பிளவுஸ் சேலையோடு வருமா, வராதா? எனக்கு வரும் புகார்களில் பிளவுஸ் பிட் தகராறுக்குத் தனி இடம் உண்டு.

பொடி விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் இங்கே பணம் மட்டும் பிரச்சினை இல்லை. நிலக்கடலை, பால், கோதுமை, சோயா மாதிரி ஒவ்வாமை தரும் பொருட்களை உணவு லேபிளில் குறிப்பிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வருவது அதற்கும் ஒரு படி மேலே. அம்மா நிலக்கடலைப் பொடி அரைத்த அதே மிக்ஸி ஜாரில் அடுத்து பருப்புப் பொடி அரைக்கிறாரா? அரைப்பார், வீட்டில் எல்லாரும் அப்படித்தான். துடைத்துவிட்டு அரைத்தாலும் ஒரு துளி தங்கும். கடலை ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தைக்கு அந்தத் துளியே ஆபத்தாகலாம். "நிலக்கடலை, எள் அரைக்கும் அதே ஜாரில் இதையும் அரைக்கிறோம்" என்று பொடியின் பக்கத்திலும் பாக்கெட்டிலும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். எள்ளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். இந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

உணவு விற்பதற்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்தாயிற்றா? அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும், தளத்திலும் போடுங்கள். எடை, எம்ஆர்பி, தயாரிப்பாளர் பெயர், முகவரி, புகாருக்கான தொடர்பு, இவையும் சட்டமுறை எடையளவு விதிகளின்படி வாங்குமுன்பே தளத்தில் தெரிய வேண்டியவை. அப்புறம், முருங்கைக்கீரைப் பொடிப் பக்கத்தில் "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று எழுதியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே தடுக்கிறது, அந்தச் சட்டத்தின் பட்டியலில் அந்த நோயின் பெயரே இருக்கிறது. பக்கத்தின் கடைசியில் "இது மருத்துவ ஆலோசனை அல்ல" என்று போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது, மேலே சொன்னேனே, பொய்யான கூற்றை டிஸ்கிளைமர் சரிக்கட்டாது. கீரை, மிளகு, பெருங்காயம், உப்பு என்று என்னென்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள், சூடான சாதத்தில் நெய்யோடு நன்றாக இருக்கும் என்று எழுதுங்கள், அது போதும், அதுவே விற்கும்.

உணவைத் திரும்ப வாங்க முடியாது என்பது நியாயம்தான், அதைச் சொல்லலாம். ஆனால் பாக்கெட் உடைந்து வந்தாலோ வண்டு இருந்தாலோ போட்டோ அனுப்பினால் போதும், பணமோ புதுப் பாக்கெட்டோ தருகிறோம் என்றும் அதே பத்தியில் சொல்லிவிடுங்கள்.

டெலிவரிக்கு வருவோம். ஒரு கடைக்காரர் "3 முதல் 5 நாட்களில்" என்று போட்டிருந்தார், வருடம் முழுக்க அது சரியாகவே நடந்தது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு வந்த ஆர்டர்கள் மட்டும் கூரியரில் மாட்டிக்கொண்டன, ஒரு அம்மாவுக்குச் சேலை தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தது. வேண்டாம், பணம் கொடுங்கள் என்றார். "கூரியர் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று தளத்தில் இருக்கிறதே என்று இவர் வாதம் செய்தார், இரண்டு வாரம் இழுத்தது, கடைசியில் இவர்தான் பணம் கொடுத்தார். பண்டிகை நெரிசல் வருடாவருடம் வருவது, அதைப் புயல் கணக்கில் சேர்க்க முடியாது. "வழக்கமாக 5 முதல் 8 நாள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரண்டு வாரங்களில் 12 நாள் வரை" என்று எழுதியிருந்தால் அந்த அம்மா ஒரு வாரம் முன்னதாகவே ஆர்டர் போட்டிருப்பார். கூரியர் எடுத்துக்கொள்ளும் நாளையும், நீங்கள் பேக் செய்ய எடுத்துக்கொள்ளும் நாளையும் கூட்டி எழுதுங்கள். பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

டெலிவரிக் கட்டணத்தைக் கடைசித் திரையில் திடீரென்று காட்டாதீர்கள். வாங்குகிறவரை ஏமாற்றும் 13 தந்திரங்களை 2023 நவம்பரில் அரசு பட்டியல் போட்டுத் தடுத்தது, அதில் இதுவும் ஒன்று. உண்மையில் அம்பது சேலை இருக்கும்போது "2 மட்டுமே மிச்சம்" என்று காட்டுவதும் அதே பட்டியலில்தான் வருகிறது. வாங்குகிறவர் சம்மதம் சொல்ல வேண்டிய பாக்ஸில் நாமே முன்கூட்டி டிக் போட்டு வைப்பது மின்வணிக விதிப்படியே கூடாது.

அன்பாக்ஸிங் வீடியோ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். வீடியோ எடுத்து அனுப்பினால் உடனே முடித்துத் தருகிறோம் என்று சொல்வது நல்லது. வீடியோ இல்லாவிட்டால் எதுவுமே கிடையாது என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அறுபது வயது அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார், பார்சலை ஒரு கையில் பிரித்துக்கொண்டு இன்னொரு கையில் எப்படி வீடியோ எடுப்பார்? சட்டத்திலும் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. நீங்கள் அனுப்பும்போது சேலையை விரித்து முந்தானை, உடல், ஓரம் என்று ஒரு நிமிட வீடியோ எடுத்து ஆர்டர் எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கும்.

பிரைவசி பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பார்கள், இருந்தாலும் உண்மையாக எழுதுங்கள், அது பத்து வரிக்கு மேல் போகாது. பெயர், முகவரி, போன் எண் வாங்குகிறீர்கள், அதைக் கூரியருக்குக் கொடுக்கிறீர்கள், கார்டு விவரம் கேட்வேயில் இருக்கிறது, உங்களிடம் இல்லை. இதைத்தானே சொல்ல வேண்டும்? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆர்டருக்காகக் கொடுத்த எண்ணை வாட்ஸ்அப் ஆஃபர் லிஸ்டில் சேர்ப்பதற்குத் தனியாகக் கேளுங்கள், வேண்டாம் என்று ஒரு வார்த்தை அனுப்பினால் எடுத்துவிடுங்கள். வாங்கியவர் ஆசையாகச் சேலை கட்டி அனுப்பும் போட்டோவை அவரைக் கேட்காமல் தளத்தில் போடாதீர்கள்.

புகார் அதிகாரி என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சின்னக் கடையில் அது நீங்கள்தான். உங்கள் பெயர், பதவி, எண், மெயில் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் போட வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடையின் சட்டப்படியான பெயரும் முழு முகவரியும் கட்டாயம், வெறும் இன்ஸ்டா ஐடி போதாது.

கடைசியாக ரீஃபண்ட் பத்தி. உங்களுக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன், நாட்களை மட்டும் உங்களால் நிஜமாக முடிந்த அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: "சேலை கிழிந்தோ, கறையோடோ, நீங்கள் கேட்டதற்கு மாறாகவோ வந்தால், கையில் கிடைத்த 10 நாட்களுக்குள் இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு எங்களுடையது. சேலை எங்களிடம் வந்த 5 வேலை நாட்களில் நீங்கள் பணம் கட்டிய அதே வழியில் முழுத் தொகையும் வந்துவிடும், அல்லது விரும்பினால் வேறு சேலை. நிறமோ டிசைனோ பிடிக்காமல் மாற்ற விரும்பினால் 5 நாட்களுக்குள் சொல்லுங்கள். மடிப்பு கலையாமல், துவைக்காமல் இருந்தால் ஒரு முறை மாற்றித் தருகிறோம், அனுப்பும் செலவு உங்களுடையது, பணமாகத் தருவதில்லை." இதில் புரியாத வார்த்தை ஒன்றாவது இருக்கிறதா?

ஆங்கிலத்தில் வாங்குகிறவர்களுக்கு இதையே ஆங்கிலத்திலும் போடுங்கள், இரண்டிலும் ஒரே நாள், ஒரே தொகை இருக்கிறதா என்று சரிபாருங்கள். பக்கத்தின் மேலே மாற்றிய தேதியை எழுதுங்கள், பழைய பக்கத்தை அழிக்காமல் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் வாங்கியவருக்குப் போன மாதம் இருந்த பக்கம்தான் பொருந்தும். வாட்ஸ்அப்பில் நேரடியாக வரும் ஆர்டருக்கும் இதே விதிகள்தான், அதனால் பணம் வாங்குமுன் இந்தப் பத்தியை அங்கேயும் ஒட்டிவிடுங்கள். எழுதியதும் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சித்தியிடமோ அத்தையிடமோ கொடுத்து, "இந்தச் சேலை கிழிந்து வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் போனை எடுத்துச் சரியான எண்ணுக்குப் போட்டோ அனுப்பும் இடம்வரை தானாகப் போனால், அந்தப் பக்கத்தை ஏற்றிவிட்டுக் கேட்வேக்கு விண்ணப்பியுங்கள்.